முன்னட்டை இல்லாமல் படித்தவள்

கொளஞ்சி வேலை பார்க்கும் இடம் என்னவென்று அவள் ஊரில் யாருக்கும் பிடிபடவில்லை. ஏஜென்சி என்றதும் குருவிநத்தத்தில் முதலில் சிலிண்டர் எப்போது வரும் என்று கேட்டார்கள். கேஸ் இல்லை, புத்தகம் என்றதும் நோட்டுப் புத்தகம் சல்லிசாகக் கிடைக்குமா என்றார்கள். எழுதுகிறவர்களுடைய புத்தகத்தை வெளிநாட்டுப் பதிப்பகங்களிடம் பேசி முடித்துக் கொடுக்கிற வேலை என்று அவள் பொறுமையாக விளக்கியபோது, அவர்கள் காதில் விழுந்தது வெளிநாடு என்ற ஒரு சொல் மட்டும். அன்றிலிருந்து பையனை பிரான்சுக்கு அனுப்பச் சொல்லி மாதத்துக்கு ஒருவராவது பாஸ்போர்ட் நகலோடு வந்து நின்றார்கள். அவள் அம்மா செல்வாம்பாள்தான் ஒரே வரியில் தீர்த்து வைத்தாள்.

"தரகு வேல. கல்யாணத்துக்குப் பதிலா காயிதத்துக்கு."

இதைவிடச் சரியான விளக்கத்தை கொளஞ்சி அதற்குப் பிறகும் எங்கும் கேட்டதில்லை.

ஏஜென்சி இருந்தது புதுச்சேரி லபோர்தனே வீதியில் ஒரு மஞ்சள் வீட்டின் மாடியில். அந்த மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள பெங்களூரிலிருந்து வந்தவர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். அவர்களை விலக்கிக்கொண்டுதான் தினமும் படியேற வேண்டும். முதலாளி ஜோசப் ஆனந்துக்கு அறுபத்தோரு வயது. தாத்தா பிரெஞ்சுப் படையில் சிப்பாய். அந்தப் பென்ஷனில் அப்பா படித்து, அப்பாவின் செல்வாக்கில் இவர் படித்து, மூன்று தலைமுறையாகச் சட்டை கசங்காத குடும்பம்.

கொளஞ்சி குடும்பத்தில் முதல் பட்டதாரி. எம்.ஏ. முடித்து மூன்று வருடமாக இங்கே அலுவலக உதவியாளர். வருகிற பிரதிகளைப் படிப்பது அவள். தேறுமா தேறாதா என்று குறிப்பு எழுதுவது அவள். குறிப்புக்கு அடியில் கையெழுத்துப் போடுவது ஜோசப் ஆனந்த். தண்ணீர் கேன் தீர்ந்தால் போன் போடுவது மறுபடியும் அவள்.

ஏஜென்சியின் இணையதளத்தில் 'எங்கள் முகவர்கள்' என்று ஒரு பக்கம் உண்டு. பன்மைதான். அதில் ஜோசப் ஆனந்தின் படம் ஒன்று, பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு காலிப் பெட்டி. பெட்டிக்குள் 'விரைவில்' என்று மூன்று வருடமாக எழுதியிருக்கிறது. அந்தப் பெட்டியைப் பார்த்த அளவுக்கு கொளஞ்சி தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததில்லை. முகவர் என்று பேர் வந்துவிட்டால், தான் கண்டெடுத்த புத்தகத்தைத் தன் பேரில் ஒரு பதிப்பகத்தின் முன் வைக்கலாம். உதவியாளர் எடுத்துப்போனால் அது வெறும் தபால்.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பெட்டிக்கு விடிவு வந்தது. பாரிஸ் பதிப்பகம் ஒன்றிலிருந்து பெனிஷா என்பவர் வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார், பேராசிரியர் கலைவாணனின் நாவல் விஷயமாக. ஒரே ஆள் நடத்துகிற கடை என்று அவருக்குத் தெரியக் கூடாது.

"நாலு வரி எழுதிக் குடும்மா," என்றார் ஜோசப் ஆனந்த். "உன் பின்னணி, வாசிப்பு ரசன. வெள்ளிக்கெழமக்குள்ள உன் போட்டோவ ஏத்திடலாம். வொய்லா, முடிஞ்சுது."

மாதிரிக்குத் தன்னுடையதைக் காட்டினார். 'நூல்களின் வாசனையில் வளர்ந்தவர். கனமான மௌனங்கள் நிறைந்த நாவல்களை விரும்புபவர்.' அந்த மௌனம் எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சாம்பல் பெட்டியை நினைத்து விழுங்கினாள். அவர் மேசையின் கீழ் இழுப்பறையில், அட்டையில் துப்பாக்கியும் பெண்ணும் போட்ட மாத நாவல்கள் முந்நூறாவது இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மதியத்தில் தடித்த பிரெஞ்சு அகராதியை விரித்து, அதற்குள் ஒன்றை வைத்துப் படிப்பார். அகராதியைப் படிக்கிறவன் யாரும் அப்படி நகம் கடிக்க மாட்டான்.

பாகூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தவளக்குப்பம் தாண்டுவதற்குள் கொளஞ்சி எழுதி முடித்துவிட்டாள். நாலு வரி கேட்டார்கள், ஒரு பக்கம் வந்தது.

'எங்கள் வீட்டில் புத்தகம் கிலோ கணக்கில் இருந்தது. முழுசாக ஒன்றும் இல்லை' என்று அது ஆரம்பித்தது.

உண்மை அதுதான். செல்வாம்பாள் மளிகைக் கடைகளுக்குக் காகிதக் கவர் ஒட்டிக் கொடுத்தவள். பழைய பேப்பர் கடையிலிருந்து மூட்டையாக வரும். அட்டையைக் கிழித்து, தையலைப் பிரித்து, தாள் தாளாக அடுக்கி, மைதாப் பசை தடவி மடிக்க வேண்டும். பிரித்து அடுக்குவது கொளஞ்சியின் பங்கு. பசை ஏறுவதற்குள் தாளின் இரண்டு பக்கத்தையும் படித்துவிடுவாள். அடுத்த தாள் அதே மூட்டையில் இருக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது. ராஜா காட்டுக்குப் போவான். திருப்பினால் நீரிழிவுக்குப் பாகற்காய்ச் சாறு.

ஏழாம் வகுப்பில் ஒரு தாள் கையில் சிக்கியது. ஏலக்காய் எஸ்டேட் முதலாளி காபியை ஒரு வாய் குடிக்கிறார். கப் சாய்கிறது. கதவுக்குப் பின்னால் யாரோ ஈரச் செருப்போடு நிற்கிறார்கள். தாள் முடிந்தது. அடுத்ததை அம்மா அதற்குள் ஒட்டிவிட்டாள். அந்த வாரம் முழுக்க கொளஞ்சி அண்ணாச்சி கடைக்குப் போய்த் தொங்கிய கவர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். கொலைகாரன் துவரம்பருப்போடு யார் வீட்டுக்கோ போய்விட்டான். பெண் வெல்லத்தை நோட்டம் விடுகிறாள் என்று அண்ணாச்சி புகார் சொல்ல, முதுகில் நாலு விழுந்ததுதான் மிச்சம்.

அவள் படிக்கிற முறை அங்கிருந்து வந்தது. எந்தப் பிரதி வந்தாலும் முதல் பக்கத்தைத் தொட மாட்டாள். முதல் பக்கத்தில் எல்லாரும் குளித்துச் சீவிப் பவுடர் போட்டு நிற்பார்கள். நடுவில் கைவிட்டு ஒரு பக்கத்தை உருவுவாள். அது அடுத்த பக்கத்துக்கு ஆளை அலைய வைத்தால் புத்தகம் தேறும். எஸ்டேட் தாளின் கதையோடு இதையும் எழுதினாள். ரசனை என்ற இடத்தில், சமைக்கிறவள் என்ன சமைக்கிறாள் என்று சொல்லும் கதை பிடிக்கும் என்று எழுதினாள். ஏழை என்றாலே எந்நேரமும் புன்னகைத்துக்கொண்டிருக்கிற கதையும், மழை பெய்தால் உடனே யாராவது சாகிற கதையும் பிடிக்காது என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை ஜோசப் ஆனந்தின் பேனா இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது. மீதியை அவர் வழக்கம்போலப் படிக்கவில்லை. பழைய பேப்பர் என்ற சொல் ஓர் இலக்கிய நிறுவனத்தின் பக்கத்தில் வரக் கூடாது, எழுத்தாளர்கள் பயந்துபோவார்கள் என்றார். பிறகு தானே எழுதிக் கொடுத்தார். 'பாகூர் ஏரிக்கரையில், தாத்தாவின் அரிய நூலகத்தின் நிழலில் வளர்ந்தவர்.'

"எங்க தாத்தா கைநாட்டு சார்."

"அது பாரிஸ்ல யாருக்கும்மா தெரியும்?"

"எங்க தாத்தாவுக்குத் தெரியும்."

அவர் செத்துப் பத்து வருடம் ஆகிறதே என்று ஜோசப் ஆனந்த் நினைவூட்டினார். செத்தவருக்கு நூலகம் வைத்துக் கொடுப்பதைவிட உயிரோடு இருந்தபோது ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று கொளஞ்சி சொல்லவில்லை. மேசையில் கிடந்த கலைவாணன் நாவலை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்துவிட்டாள்.

பெரிய மனிதர்களின் பிரதி நேராக ஜோசப் ஆனந்திடம் போகும். அதனால் அவள் இதைப் பார்த்திருக்கவில்லை. அவர் முறை வேறு. முதல் பத்துப் பக்கம், கடைசிப் பக்கம், ஆசிரியர் படம். நாவலின் தலைப்பில் மூன்று சொற்கள், மூன்றுமே மௌனத்தைத்தான் குறித்தன. கொளஞ்சி கோபத்தோடு நடுவில் கைவிட்டு உருவினாள். நூற்றுப் பதினேழு.

கதாநாயகன் கடற்கரையில் நின்று இருத்தல் என்பது என்ன என்று யோசிக்கிறான். அடுத்த பத்தியில், 'எனது இளைய மகளின் மஞ்சள் நீராட்டு விழா நிகழவிருப்பதால் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து' என்று போகிறது. வீராம்பட்டினம் சமுதாயக் கூடம். மதியம் அசைவ விருந்து. தாய்மாமன்கள் நான்கு பேர் பெயர், அதில் மூத்தவரின் போன் நம்பர். பிறகு கதாநாயகன் மறுபடி கடலைப் பார்க்கிறான். அந்தப் பெண் பிள்ளையின் பெயரும் முழுசாக இருந்தது. அது இங்கே வராது.

நாவலில் உயிரோடு இருந்த ஒரே பக்கம் அதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். அதில் எல்லாருக்கும் பேர் இருந்தது, சாப்பாடு இருந்தது.

ஜோசப் ஆனந்திடம் காட்டினாள். நடுவிலிருந்து படித்தால் அப்படித்தான் இருக்கும் என்றார். பிறகு கண்ணாடி போட்டுப் பார்த்தார். "மோன் தியே," என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுவிட்டுப் பேராசிரியருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

"அது சடங்கின் குரல், ஜோசப்," என்றார் பேராசிரியர் கடைசியில். "தனிமனிதனோட தியானத்துக்குள்ள சமூகம் குறுக்கிடுது. பாரிஸ்காரங்களுக்குப் புரியும்."

ஜோசப் ஆனந்தின் முகம் தெளிந்துவிட்டது. கொளஞ்சிக்கும் ஒன்று தெளிந்தது. தன் நாவலை அந்த மனிதரும் படித்ததில்லை. அவருடைய மௌனம் அவ்வளவு கனமாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அவள் ரெட்டியார்பாளையத்தில் இறங்கினாள். பேராசிரியருக்குத் தட்டச்சு செய்து கொடுத்த சவரிராயனின் டிடிபி கடை அங்கேதான் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, சர்ச்சில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைக்கு வாழ்த்து மடல், நாவல் எல்லாம் ஒரே கம்ப்யூட்டர். சவரிராயன் மறைக்கவில்லை.

"ரெண்டு ஃபைலும் தெறந்து கெடந்துச்சு தங்கச்சி. நடுவுல ஒரு கண்ணீர் அஞ்சலி அவசரமா வந்துடுச்சு. செத்தவங்க காத்திருக்க மாட்டாங்க. அந்தப் பதட்டத்துல இத எடுத்து அதுல ஒட்டி, அத எடுத்து இதுல ஒட்டிட்டேன்."

அதை எடுத்து இதில் என்றால் என்ன என்று கேட்டாள். அவர் ஒரு மஞ்சள் பத்திரிகையை எடுத்து நீட்டினார். பிள்ளையார் சுழிக்குக் கீழே, வழக்கமாகக் கவிதை வருகிற இடத்தில், 'இருத்தல் என்பது அலைகளுக்கு நடுவே காத்திருக்கும் வெறுமை' என்று பேராசிரியரின் பத்தி கொட்டை எழுத்தில் இருந்தது. அறுநூறு பிரதி. போன மாதமே வீராம்பட்டினம் முழுக்க வெற்றிலை பாக்கோடு கொடுத்து முடித்தாயிற்று. பத்திரிகை ரொம்ப அம்சமாக இருக்கிறது என்று மாமன்கள் பாராட்டினார்களாம்.

கொளஞ்சி சிரித்துக்கொண்டே அந்த நம்பருக்குப் போன் போட்டாள். மூத்த மாமன் அவள் யார் என்றுகூடக் கேட்கவில்லை. பத்திரிகை வந்ததா, ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வந்துவிட வேண்டும், வஞ்சிரம் சொல்லியிருக்கிறது என்றார். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டு வைத்தாள். எட்டாவது படிக்கிறது, பேனரில் போட்டோ போட்டதுக்கு நாலு நாளாக அழுகிறது, பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன் என்கிறது, சின்னப் பிள்ளைக் கூச்சம் சரியாகிவிடும் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு கொளஞ்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குப் பதின்மூன்று வயதில் குருவிநத்தம் பஸ் நிறுத்தத்தில் அப்படி ஒரு பேனர் தொங்கியது. பத்து நாள். பஸ் ஏறும்போதெல்லாம் பையன்கள் பேனரைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொல்லி, அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னாள். ஜோசப் ஆனந்த் காலண்டரில் நாள் எண்ணினார். பெனிஷாவுக்குப் பிரதி போய் மூன்று வாரம் ஆகிறது. இப்போது எடுத்தால் பேராசிரியர் பொய்யர் ஆவார், படிக்காமல் அனுப்பிய நான் அதைவிடக் கேவலம் ஆவேன் என்றார். அப்புறம் குரலை இறக்கினார்.

"நாளைக்கு நீ வாயத் தெறக்காத. சாயந்திரமே உன் பேரு ஏறும். முகவர்னு. சத்தியமா."

கொளஞ்சி சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பொம்பளை பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது ஆண்களுக்கு உள்ள வசதி.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பெனிஷா வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். புதுச்சேரிக் குடும்பம், பிறந்தது பாரிஸ் பக்கம். தமிழை அம்மாவிடம் அடுப்படியில் கற்றுக்கொண்டவர் போலப் பேசினார். பேராசிரியர் பட்டு ஜிப்பாவில் இருந்தார். ஜோசப் ஆனந்த் கொளஞ்சியை 'எங்கள் புது முகவர்' என்று அறிமுகம் செய்து, அவளைக் கண்ணால் ஒருமுறை கெஞ்சினார்.

பெனிஷா நேராக விஷயத்துக்கு வந்தார். நாவல் கொஞ்சம் தூரத்தில் நிற்கிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் தன்னைக் கையைப் பிடித்து இழுத்தது என்றார். நூற்றுப் பதினேழு. பேராசிரியர் சடங்கின் குரலைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினார். பெனிஷா குறிப்பெடுத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தை அப்படியே தமிழ் எழுத்திலேயே பின்னட்டையில் போடலாம் என்று ஒரு யோசனையும் சொன்னார். பேரோடு, நம்பரோடு. பேராசிரியர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

"இந்தப் பொண்ணு யாரு, உங்க சொந்தமா?"

"எல்லாம் கற்பனை," என்றார் பேராசிரியர்.

பெனிஷா கொளஞ்சி பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சீங்களா?"

ஜோசப் ஆனந்தின் முகத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் திரை. அதில் சாம்பல் பெட்டி திறந்தே இருந்தது. நிழலில் வளர்ந்தவர் என்ற வரியோடு, பதிவேற்ற ஒரு தட்டு மட்டும் பாக்கி.

"படிச்சேன் மேடம்," என்றாள் கொளஞ்சி. "அது கற்பன இல்ல. வீராம்பட்டினத்துல எட்டாவது படிக்கிற புள்ள. நாளான்னிக்கு ஃபங்ஷன். கீழ இருக்கிறது அது மாமாவோட நம்பரு, போன் பண்ணா எடுப்பாரு. டிடிபிகாரரு மாத்தி ஒட்டிட்டாரு. அந்தப் புள்ள ஊர்ல வெச்ச பேனருக்கே அழுவுது. பிரான்சு வரைக்கும் வேற ஒட்டணுமா?"

ஆதாரம் என்ன என்று பேராசிரியர் கேட்டார். கொளஞ்சி பையிலிருந்து மஞ்சள் பத்திரிகையை எடுத்து அவர் முன் வைத்தாள். அவர் படித்தார். அச்சில் தன் வரியைப் பார்த்த எழுத்தாளனுக்கு வருகிற பூரிப்பு ஒரு நொடி அந்த முகத்தில் வந்துபோனது. கொளஞ்சி இதை யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வாள். பிறகு எழுந்து போனார். போகும்போது பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு போனார்.

பெனிஷா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, நீங்கள் படிக்கவில்லையா என்று ஜோசப் ஆனந்தைக் கேட்டார். அவர் காலிக் கப்பிலிருந்து ஒரு வாய் காபி குடித்தார்.

"வேற என்ன இருக்கு உங்ககிட்ட?" இது கொளஞ்சிக்கு.

அவள் மேசையில் நீளமான நோட்டு ஒன்று எட்டு மாதமாகக் கிடந்தது. பிரசவ வார்டில் முப்பது வருடம் ஆயாவாக வேலை பார்த்த ஸ்டெல்லாமேரி எழுதியது. கொளஞ்சி இரண்டு முறை பரிந்துரை எழுதியும் ஜோசப் ஆனந்தின் கையெழுத்து விழவில்லை. அதன் நகலில் நடுவே கைவிட்டு ஒரே ஒரு தாளை உருவிக் கொடுத்தாள். பெனிஷா வரிக்குக் கீழே விரலை ஓட்டி, உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். காபி ஆறிப்போனது. தாள் முடிந்ததும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"அடுத்த பக்கம் எங்க?" என்றார், கையை நீட்டியபடி.

கொளஞ்சி உடனே கொடுக்கவில்லை. அந்த நீட்டிய கையை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் போல இருந்தது.

பெனிஷா முழு நகலையும் வாங்கிக்கொண்டு போன பிறகு, நாலு மணி வரை ஜோசப் ஆனந்த் பேசவில்லை. வேலை போயிற்று என்று கொளஞ்சி தன் டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்துவிட்டாள். அப்போது அவர் தொண்டையைக் கனைத்து, நீ முதலில் எழுதின பக்கத்தைக் கொடு என்றார். இந்த முறை கடைசி வரைக்கும் படித்தார். அவரே தட்டச்சு செய்ய ஆரம்பித்தார், இரண்டு விரலால். பாதியில் விரல் நின்றது.

"டிரைவரோட தம்பி," என்றார்.

"என்னா சார்?"

"ஈரச் செருப்பு. எஸ்டேட் டிரைவரோட தம்பி. வெஷம் காப்பியில இல்ல, சக்கரையில."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. காது சிவந்துவிட்டது. கொளஞ்சிக்கு வேறு கோபம். பதினான்கு வருடமாக அவள் முதலாளியின் பெண்டாட்டியைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கள யாரு சார் கேட்டா? முடிவச் சொல்லிட்டீங்களே."

அவர் மன்னிப்புக் கேட்டார். மூன்று வருடத்தில் முதல் முறை. கொளஞ்சி விடவில்லை, அப்படியே உங்களுடையதையும் மாற்றிவிடுங்கள் என்றாள். அவர் கீழ் இழுப்பறையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கனமான மௌனங்களைக் கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

வீட்டில் செல்வாம்பாளுக்கு, இணையதளத்தில் ஏறிவிட்ட அந்தப் பக்கத்தைப் போனில் காட்டி, சத்தமாகப் படித்தும் காட்டினாள். செல்வாம்பாள் படத்தைப் பார்த்தாள். தலையை இன்னும் வழித்துச் சீவியிருக்கலாம் என்றாள். கவர் ஒட்டினதைப் படித்தபோது கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். முடிந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"பசை காய்ச்சுனது யாருன்னு போடலியே."

"அது எதுக்கும்மா?"

"கட்டி தட்டாம மைதா காய்ச்சிப் பாரு, அப்பத் தெரியும் எதுக்குன்னு. நீ பாட்டுக்குக் குந்திக்கினு படிச்ச."

கொளஞ்சி யோசித்துப் பார்த்தாள். மூன்று வருடமாகத் தன் குறிப்புக்கு அடியில் வேறொருவர் கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. ஜோசப் ஆனந்துக்குப் போன் போட்டாள். மறுநாள் காலையில், முகவர் கொளஞ்சி என்ற பெயருக்குக் கீழே, எல்லா வரிக்கும் அடியில் இன்னொரு வரி ஏறியிருந்தது.

'பசை: செல்வாம்பாள்.'